உயர்த்திக் கட்டிய மினி

பழைய மினி கூப்பர் கையில் கிடைத்தால் எல்லாரும் முதலில் செய்வது அதைத் தாழ்த்துவதுதான். தரையோடு தரையாக இறக்கி, அகன்ற வீல் போட்டு, வளைவில் சாயாமல் வெட்டி ஓட்டுவார்கள். இங்கே தோஹாவில் வெள்ளிக்கிழமை பின்னேரம் கடற்கரை வீதிக்கு வரும் மினிகளும் அப்படித்தான், அடியில் கை நுழையாது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊரில் மாமா உயர்த்திக் கட்டி ஓட்டிய மினி ஞாபகம் வந்துவிடும்.

ஊர் கரைத்தீவு. அம்பாறைக் காரைதீவு இல்லை. புத்தளம் களப்போரம், வண்ணாத்திவில்லுக்கு அப்பால் உள்ளது. அந்நாளில் ஊருக்குப் போகும் பாதை பாதி மணல், பாதி அருவக்காட்டுப் பக்கத்துச் செம்மண். தேங்காய் லொறிகள் உழுத இரண்டு தடங்களுக்கு நடுவே ஒரு மேடு முதுகெலும்பாக ஓடும். மாரியில் கலா ஓயா பெருகினால் இலவன்குளம் சப்பாத்துப் பாலம் தண்ணீருக்குள் போய்விடும், மன்னார்ப் பக்கம் மறந்துவிட வேண்டியதுதான். இந்த ரோட்டுக்கு ஜீப் வாங்கலாம், ட்ரக்டர் வாங்கலாம். மாமா வாங்கியது 10 அங்குல வீலில் ஓடும் மினி கூப்பர்.

நுவரெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் வைத்திருந்த வண்டி அது. மஹகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. பிற்காலத்தில் அந்த வளைவுகளில் மினிகள் பெரிய கார்களைத் திணறடித்ததை மாமா இளவயதில் பார்த்துவிட்டு வந்தவர். 1964, 1965, 1967 என மூன்று தடவை மொண்டே கார்லோ ராலியை வென்ற கார் என்று, கேட்காதவருக்கும் சொல்லுவார். 1966இலும் முதலில் வந்ததே மினிதான், முன் விளக்கைக் காரணம் காட்டி விலக்கிவிட்டார்கள் என்று சொல்லும்போது அவருக்குத் தன் காணியை யாரோ பிடித்ததுபோல் கோபம் வரும்.

அந்தக் காருக்கு ஸ்பிரிங்கே கிடையாது என்பதை நான் வெகுநாள் நம்பவில்லை. அலெக் இசிகோனிஸ் 1959இல் மினியைக் கொண்டுவந்தபோது, இடத்தை மிச்சம் பிடிக்கச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகளை வைத்தார். லேசான பாரத்துக்கு ரப்பர் இளகிக் கொடுக்கும், பாரம் ஏற ஏற இறுகும். நாலு பேர் ஏறினாலும் கார் உட்கார்ந்துவிடாததற்கு அதுதான் காரணம். 1964இன் பிற்பகுதியில் ரப்பரை மாற்றி, முன் வீலையும் பின் வீலையும் குழாயால் இணைத்துத் திரவத்தில் இயங்கும் ஹைட்ரோலாஸ்டிக்கைப் போட்டார்கள். மாமாவின் 998 சிசி வண்டி அதற்குச் சில மாதம் முந்தியது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று. குழாய் ஒழுகினால் திரவம் ஏற்றுகிற பம்புக்குப் புத்தளத்தில் எங்கே போவது?

ஆனால் ரப்பருக்கும் வயதுண்டு. இறுகிச் சப்பிப்போய், கார் நாளுக்கு நாள் தாழ்ந்தது. நடு மேட்டில் அடிவயிறு உரசிக்கொண்டுதான் ஊருக்குள் வரும். புத்தளத்துக் கராஜ் பாஸ் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஹாஜியார், இத வித்துப்போட்டு ஒரு வேன் எடுங்க” என்றார். “வேன் யாரும் ஓட்டுவான்” என்றார் மாமா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புதுக் கூம்புகள் கொழும்பிலிருந்து வந்தன. கூம்புக்கும் அதைத் தாங்கும் அலுமினியக் கம்பத்துக்கும் நடுவே வைக்க, பாஸ் கடைசல் பட்டறையில் வாஷர்கள் வெட்டுவித்தார். அங்கே வைக்கும் மெல்லிய தகடு வீலில் அதைப்போலப் பல மடங்கு உயரமாக வெளிப்படும். மினியின் நெம்புகோல் கணக்கு அப்படி. உயர்த்தியதும் பழைய ஷொக் அப்சோபர்கள் நீளம் போதாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டி நின்றன. நீளமானவை தேடிப் போட வேண்டி வந்தது. பின் சப்ஃப்ரேமை உப்புக்காற்று தின்றிருந்தது, அதையும் வெட்டி ஒட்டினார்கள். வீல் எலைன்மென்ட் பார்த்தது நூல் கட்டி.

வீல் மாற்றியதற்கு வேகம் காரணமில்லை, டயர்தான். 10 அங்குல டயர் தேடிச் சலித்துப்போயிருந்தார் மாமா. மாருதி 800க்கு வரும் 145/70 ஆர் 12 எந்தக் கடையிலும் கிடைத்தது. மினி தயாரித்தவர்களே 1984இல் 12 அங்குலத்துக்கு மாறியிருந்ததால் அந்த ரிம்கள் அப்படியே பொருந்தின. டயரின் மொத்த விட்டம் 486 மில்லிமீற்றரிலிருந்து 508 ஆயிற்று. உயரத்தில் கிடைத்தது 11 மில்லிமீற்றர்தான். மீற்றர் 60 மைல் காட்டும்போது கார் 63இல் போகும். எடுப்பு கொஞ்சம் மந்தமானது. பரவாயில்லை, மணலில் புதைவது குறைந்தது.

அந்தக் காரில் பின் சீற்றில் இருந்து வருவதைச் சுகம் என்று சொல்ல மாட்டேன். செம்மண் ரோட்டின் அலைமேடுகள் முதுகில் எண்ணிக்கை மாறாமல் இறங்கும். ஆனால் வண்ணாத்திவில்லு தாண்டி, கஜு மரங்களுக்குள்ளால் களப்புக் காற்று வரத் தொடங்கியதும் மாமா மூன்றாம் கியருக்குத் தட்டி, ஒரு வீலை நடு மேட்டிலும் மற்றதை ஓரப் புல்லிலும் ஏற்றி விடுவார். முன் வீல் இழுப்பில் கார் தானே பாதை பிடிக்கும். எங்கே யானை குறுக்கே நிற்கும், எங்கே மணல் ஆழம் என்று அவருக்குத் தெரியும். “பிடிச்சிக்க மகன்” என்பது மட்டும்தான் எச்சரிக்கை. அந்தச் சத்தத்தையும் செம்புழுதி வாடையையும் இத்தனை வழுக்கும் வீதிகள் உள்ள நாட்டில் யாரிடம் போய்க் கேட்பது?

மாமா மவுத்தான பிறகு காரைக் கொழும்பில் ஒருவர் வாங்கினார். வாஷர்களைக் கழற்றி, தாழ்த்தி, 13 அங்குல வீல் போட்டிருப்பதாகப் படம் வந்தது. பளபளப்பாகத்தான் இருக்கிறது. அவருடைய ரோட்டுக்கு அது சரியாகவும் இருக்கலாம். என் கருத்தில் மினிக்கு 13 அங்குலம் அதிகம். பக்கச் சுவர் மெலிந்த டயர் வந்தால் இறுகிய ரப்பரின் உதை முழுவதும் இடுப்புக்குத்தான் வரும்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது நாட்டில் பல பழைய கார்கள் கொட்டிலை விட்டு வெளியே வந்தன. உங்கள் வீட்டிலும் ஒரு மினி நின்றால் கூம்பை மாற்றுங்கள், ஷொக்கை மாற்றுங்கள், உங்கள் ரோட்டுக்கு ஏற்றபடி உயர்த்துங்கள் அல்லது இறக்குங்கள். கழற்றிய 10 அங்குல ரிம்களைப் பழைய இரும்புக்காரருக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த அளவில் 165/70 டயர் யோகஹாமா வார்க்கிறது, தேடினால் கிடைக்கும்.