கொண்டை ஊசி வளைவும் முட்டி தேய்க்கும் பிள்ளைகளும்



ஆடிப் பதினெட்டு நெருங்கிவிட்டது. வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோவில் என்று உங்களில் பலர் கொல்லிமலைக்குக் கிளம்புவீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பைக்கில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பார்கள். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்காகத்தான் இந்த நீளப் பதிவு. ‘டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க’ என்று தள்ளிவிட்டுப் போகாமல் கடைசி வரை படியுங்கள்.

பைக் ரேசுக்கும் டீச்சருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் டி.வி.எஸ். 50-ல் பள்ளிக்கூடம் போய் வந்தவள், அவ்வளவுதான். ஆனால் என் தங்கை மகன் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தான். 1990-ல் திறந்த ஓடுதளம் அது, ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். செல்போனில் படம் காட்டினான். வண்டி ஒரு பக்கம் படுத்துக் கிடக்கிறது, இவன் சீட்டை விட்டு வெளியே தொங்குகிறான், முட்டி தரையைத் தொடுகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“எதுக்குடா இந்தச் சர்க்கஸ்?” என்றேன்.

“சர்க்கஸ் இல்லீங்க பெரீம்மா. வண்டி ரொம்பச் சாயாம இருக்கத்தான் நாங்க சாயுறோம்” என்றான்.

இது எனக்குப் புதுச் செய்தி. வாசலில் பைக்கை நிறுத்தி, பின்னால் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவனை மேலே உட்கார்ந்து பொறுமையாக விளக்கச் சொன்னேன்.

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நடந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குடம் இடது பக்கம் இருந்தால் உடம்பு தானாக வலது பக்கம் சாயும். குடமும் நாமும் சேர்ந்து ஒரே எடை, அந்த மொத்த எடை சரியான இடத்தில் நின்றால்தான் விழாமல் நடப்போம். பைக்கும் ஆளும் அப்படித்தான். வளைவில் திரும்ப, இரண்டும் சேர்ந்த எடை வளைவின் உள்பக்கம் சாய வேண்டும். ஆள் தன் உடம்பை உள்ளே கொண்டுபோனால், அதே வேகத்துக்கு வண்டி கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும். டயரின் ஓரம் வரை போகாமல் பிடிமானம் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

அவன் செய்து காட்டிய முறை இது. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, பிரேக் பிடித்துக் கியரைக் குறைத்துவிட வேண்டும். உள்பக்கத் தொடை வெளியே வருகிற மாதிரி பாதி உட்காரும் இடத்தைச் சீட்டிலிருந்து நகர்த்த வேண்டும். வளைவின் நடுவில் நகர்ந்தால் வண்டி ஆட்டம் காணும். வெளிப்பக்கத் தொடையும் முட்டியும் பெட்ரோல் டேங்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதி ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றியிருக்க வேண்டும். தலையும் தோளும் உள்பக்கக் கண்ணாடியை நோக்கிப் போக வேண்டும். கைகள் மட்டும் தளர்ந்திருக்க வேண்டும். உடம்பின் பாரத்தை ஹேண்டில்பாரில் போட்டுத் தொங்கினால் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. திரும்பிய பிறகு ஆக்சிலேட்டரை ஒரே சீராக, மெதுவாகக் கூட்ட வேண்டும்.

இதெல்லாம் வெகு காலமாக இருந்த பழக்கம் இல்லை. அந்தக் கால வீரர்கள் பெரும்பாலும் வண்டியோடு ஒட்டி, வண்டி சாய்கிற கோணத்திலேயே சாய்ந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஃபின்லாந்துக்காரர் யார்னோ சாரினென் உள்ளே தொங்கி ஓட்டினார். 1978-ல் உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸால் முட்டி தேய்ப்பது உலகம் முழுக்கப் பரவியது. இன்று மோட்டோ ஜிபி வீரர்கள் 60 பாகைக்கு மேல் சாய்ந்து முழங்கையையும் தரையில் உரசுகிறார்கள்.

இனிக் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது. சாய்வு எவ்வளவு என்பது வேகத்தின் வர்க்கத்தையும் வளைவின் ஆரத்தையும் பொறுத்தது. 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 17 பாகை சாய வேண்டும். 30-ல் போனால் சுமார் 35 பாகை. கூடியது வெறும் 10 கிலோமீட்டர், சாய்வு இரண்டு மடங்கு. டயரின் அகலத்தால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும்.

டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. சாய்வதற்கும் அதிலிருந்துதான் செலவு, பிரேக்குக்கும் அதிலிருந்துதான் செலவு. முழுவதையும் சாய்வுக்கே கொடுத்துவிட்டால், அவசரத்துக்குப் பிரேக் பிடிக்கக் கையில் எதுவும் இருக்காது.

அங்கே ஓடுதளம் ஒருவழிப் பாதை, எதிரே யாரும் வரமாட்டார்கள். தோல் உடுப்பு உண்டு, விழுந்தால் உருள இடம் உண்டு, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். ஒரே வளைவை ஐம்பது முறை சுற்றலாம். மலைப் பாதையில் பஸ் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். மழை அடித்து வந்த மணல், லாரி சிந்திய டீசல், நடுவில் உட்கார்ந்திருக்கும் குரங்கு, எல்லாம் வளைவைத் தாண்டிய பிறகுதான் தெரியும். இன்னொன்றையும் யோசியுங்கள். நாம் இடது பக்கம் போகிறவர்கள். வலது வளைவில் உள்ளே தொங்கினால் வண்டி நம் பக்கம் இருந்தாலும் தலை நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். எதிரே வருகிற பஸ்ஸுக்கு அந்தத் தலைதான் முதலில் கிடைக்கும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். மலைச் சாலையில் வேகமாக வளைவுக்குள் போனான். எதிரே வேன். பதறி வளைவின் நடுவில் முன் பிரேக்கை இறுக்கினான். வண்டி நிமிர்ந்து, திரும்பாமல் நேராக வேனை நோக்கிப் போனது என்று பின்னால் வந்த நண்பன் சொன்னான். அவன் அம்மாவும் என்னிடம் படித்தவள்தான். இரண்டு பேருக்கும் கைபிடித்து ‘அ’ எழுதிக் கொடுத்தவள் நான். அந்த வீட்டு வாசலில் அன்று உட்கார்ந்திருந்தபோது, அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

இதைத் தங்கை மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “எங்களுக்கும் அங்க முதல்ல முட்டியைச் சொல்லித் தரலீங்க பெரீம்மா. எங்க பாக்கணும்னுதான் சொல்லித் தந்தாங்க” என்றான். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு, வேனைப் பார்த்தால் வேனுக்கு. வெளியேறுகிற வழியைப் பார்த்தால் அந்த வழிக்கு.

ஆகவே பிள்ளைகளே, மலைக்குப் போகும்போது ரேஸ்காரர்களிடமிருந்து இந்த நான்கை எடுத்துக்கொள்ளுங்கள்:

1. வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள்.
2. தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்.
3. முட்டிகளால் டேங்கைப் பிடித்து, கைகளைத் தளர விடுங்கள்.
4. பிடிமானத்தில் பாதியையாவது மிச்சம் வையுங்கள்.

சீட்டை விட்டுத் தொங்குவதும் முட்டி தேய்ப்பதும் மைதானத்தோடு இருக்கட்டும். ஆசை அடங்கவில்லையா? வீட்டில் சொல்லிவிட்டு, பணம் கட்டி, முறையான பயிற்சிக்குப் போங்கள். நான் திட்டமாட்டேன். படம் அனுப்பினால் பெருமையாகப் பார்ப்பேன், வயிறு கலங்கினாலும்.

அம்மாக்களே, அப்பாக்களே, இதை உங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டினார்களா என்று கையால் தொட்டுப் பார்த்து அனுப்புங்கள்.

ஆடிப் பதினெட்டு அன்று மலைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து வீடு சேர்ந்ததும், எவ்வளவு நேரமானாலும் சரி, இந்தப் பதிவின் கீழே ‘உள்ளேன் டீச்சர்’ என்று எழுதிவிட்டுத் தூங்குங்கள். நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்