முன் ஃபோர்க்கைக் கழற்றிய வாரம்

ஞாயிறு, இரவு

பழைய வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. 2018-ஆம் ஆண்டு சுசுகி வி-ஸ்ட்ராம் 650. எஞ்சின் அருமையாக இருக்கிறது. ஆனால் பிரேக்கைத் தொட்டால் முன்பக்கம் சடாரென்று இறங்குகிறது. வேகத்தடையில் ஏறினால் அடி முழங்கை வரை வருகிறது. மெதுவான அசைவில் தொளதொளப்பு, வேகமான அடியில் இறுக்கம். இரண்டு தொல்லையும் ஒரே ஃபோர்க்கில் இருப்பதால் சீலை மட்டும் சந்தேகப்பட்டால் போதாது.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் நண்பரின் ஷெட் இருக்கிறது. ஃப்ரேமின் கழுத்துப் பகுதியில் பட்டை போட்டு, கூரை விட்டத்தில் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டினோம். பாட்டம் கேஸ் இரண்டையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினேன். நண்பர் கோன் செட் பக்கம் விரல் வைத்துப் பார்த்தார். அங்கே அசைவே இல்லை. ஆட்டம் பைப்புக்கும் பாட்டம் கேஸுக்கும் நடுவே இருந்தது. அப்படியென்றால் புஷ் தேய்ந்திருக்கிறது. ‘டக் டக்’ சத்தம் கேட்டதும் கோன் செட்டை மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. விரல் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

திங்கள்

இடது காலில் எண்ணெய் வளையம். டஸ்ட் சீலை மேலே நெம்பினால் உள்ளே சேறு காய்ந்து கிடக்கிறது. குளிர்பான பாட்டிலில் ஒரு பட்டை வெட்டி, சீலின் உதட்டுக்கும் பைப்புக்கும் இடையே சுற்றிலும் ஓட்டினேன். கறுப்பு மண் வந்தது. சில வண்டிகளில் இதோடு லீக் நின்றுவிடும். இதில் நிற்கவில்லை. எண்ணெய் காலிப்பர் வரை இறங்கி இடது பிரேக் பேடிலும் ஊறியிருந்தது. ஊறிய பேடைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. உயிர் சம்பந்தப்பட்ட இடம் அது. புதிய பேடுக்குச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து மெக்கானிக் எட்டிப் பார்த்தார். “கட்டி ஆயில் ஊத்திருங்க, முன்னாடி இறங்கறது நின்னுரும்” என்றார். எல்லா ஊரிலும் கிடைக்கும் ஆலோசனைதான். நல்ல மனதோடு சொன்னார், ஆனால் நான் ஏற்கவில்லை. காரணத்தை நாளை ஆயிலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

செவ்வாய்

காலிப்பர்களையும் ஏ.பி.எஸ். சென்சார் வயரையும் பக்கவாட்டில் கட்டிவைத்தோம். மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, பைப் இன்னும் கீழ் கிளாம்பில் பிடிபட்டிருக்கும்போதே மூடியை லேசாக இளக்கினேன். அடியிலுள்ள அலன் போல்ட்டையும் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டால் உள்ளிருக்கும் டேம்பர் ராடும் சேர்ந்து சுற்றும், போல்ட் கழறாது.

ஆயிலைக் கவிழ்த்தால் சாம்பல் நிறக் கூழ். கெட்டியாக இருந்தது. யாரோ முன்பே கட்டி ஆயிலை ஊற்றிவைத்திருக்கிறார்கள். நேற்றுச் சொல்லாமல் விட்ட காரணம் இதுதான். இந்த வகை ஃபோர்க்கில் டேம்பர் ராடின் துளைகள் வழியாக எண்ணெய் பிதுங்கிப் போவதால் தடை உண்டாகிறது. பைப்பின் வேகம் இரண்டு மடங்கானால் துளையின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். பிரேக் பிடித்து இறங்குவது மெதுவான அசைவு. எண்ணெய் தாராளமாக வழிவிடும். வேகத்தடையின் விளிம்பு தருவது அதிவேக அசைவு. எண்ணெய் போக இடமின்றி முட்டும். கட்டி ஆயில் முதலாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், இரண்டாவதைப் பல மடங்கு கெடுக்கும். வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியது ஸ்பிரிங்கும் மேலே அடைபட்ட காற்றும். எண்ணெயிடம் அந்த வேலையைக் கேட்கக் கூடாது. எண்ணெய் வழியே அசைவைத் தணிக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கை 1935-லேயே பி.எம்.டபிள்யூ. ஆர்12 வண்டியில் போட்டு விற்றார்கள். இத்தனை காலம் ஆகியும் நம் பட்டறைகளில் ஸ்பிரிங் செய்ய வேண்டியதை ஆயிலிடம் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சர்கிளிப்பை எடுத்துவிட்டு, பைப்பை வேகமாக இழுத்து இழுத்துத் தட்டியதில் சீலும் புஷ்ஷும் வந்தன. புஷ்ஷின் டெஃப்லான் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிகிறது.

வியாழன்

லேத் பட்டறையில் 43 மி.மீ. பைப் இரண்டையும் வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் சுற்றினோம். நேராகவே இருக்கின்றன. இடது பைப்பில் நகம் தட்டுப்படும் ஒரு துருப்புள்ளி. அதுதான் சீலை அறுத்திருக்கிறது. இதைப் பார்க்காமல் சீல் மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் விரைவில் கிழிந்திருக்கும். 1000, பிறகு 2000 எமரியை எண்ணெயில் நனைத்து, மேடாக நின்ற விளிம்பை மட்டும் தேய்த்து எடுத்தேன். ஸ்பிரிங்கின் நீளம் மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருக்கிறது.

சனி

பைப் முனையில் பாலிதீன் உறை மாட்டி, உதட்டில் கிரீஸ் தடவிப் புதிய சீலை இறக்கினேன். வெறும் பைப்பில் இறக்கினால் விளிம்பு உதட்டைக் கீறிவிடும். அளவான பி.வி.சி. குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டினேன். அடி போல்ட்டுக்குப் புதிய வாஷர்.

டப்பாவில் 10W என்று பார்த்து ஏதோ ஒன்றை வாங்கிவிடக் கூடாது. ஒரு கம்பெனியின் 10W இன்னொன்றின் 10W-க்குச் சமமாக இருப்பதில்லை. 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை சென்டிஸ்டோக் என்பதை ஒப்பிட்டு வாங்க வேண்டும். ஊற்றிய பின் பைப்பை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினேன். ஸ்பிரிங் போடாமல், ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, பைப் வாயிலிருந்து எண்ணெய் மட்டம் வரை அளந்தேன். மேனுவல் சொல்லும் மி.மீ. கணக்கு இரு காலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே நிற்கும் காற்று இன்னொரு ஸ்பிரிங் வேலை பார்ப்பதால், ஊற்றிய மில்லி கணக்கைவிட இந்த மட்டத்தையே நம்புவேன்.

சக்கரம் மாட்டியதும் ஆக்ஸிலை இறுக்கி, அதன் கிளாம்ப் போல்ட்டைத் தளர்வாக விட்டு, வண்டியை இறக்கி முன்பக்கத்தை நன்றாக அமுக்கி அமுக்கி விட்டேன். இரண்டு கால்களும் தாமாக இணையாக வந்து நிற்கும். அதற்குப் பிறகே கிளாம்பை இறுக்க வேண்டும். இதைச் செய்யாத ஃபோர்க் புது சீலோடும் பிடித்துக்கொள்ளும். கிளம்புமுன் பிரேக் லீவரை அழுத்தி அழுத்திப் பேடை டிஸ்க்குக்குக் கொண்டுவந்தேன்.

பைப்பில் கேபிள் டை கட்டி உட்கார்ந்து பார்த்தேன். 150 மி.மீ. பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 50 மி.மீ. தாழலாம். அதைவிடச் சற்று அதிகமாகத் தாழ்ந்தது. ப்ரீலோடைக் கூட்டியதும் சரியானது. ஆனால் ப்ரீலோட் வண்டியின் உயரத்தைத்தான் கூட்டும், ஸ்பிரிங்கை வலுவாக்காது. ஆளும் பெட்டியும் ஏற்றிப் போக வலுவான ஸ்பிரிங் வாங்கியே ஆக வேண்டும்.

ஞாயிறு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறி இறங்கினேன். 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்தான். முன்பக்கம் இறங்குகிறது, ஆனால் அளவோடு இறங்கி நிற்கிறது. சத்தம் இல்லை. பைப் இரண்டும் காய்ந்திருக்கின்றன.

பழைய டூரிங் வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் குனிந்து ஃபோர்க் பைப்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஃபோர்க் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் ஆயில், சீல், புஷ், பேட் நான்கின் செலவையும் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.