'லே ஆஃப்' என்னும் சொல்

ஆங்கில வினையோடு சிறுசொல்லொன்று சேர்ந்தால் பொருளே மாறிவிடும் என்பதை வகுப்பில் பலகாலும் கற்பித்து வருகிறோம். 'லே ஆஃப்' என்பதற்குப் பொருள் கேட்டால், கணினி நிறுவனச் செய்திகளில் பழகிய நம் மாணவர் தயங்காது 'வேலைநீக்கம்' என்பர்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பொருள் அதுவன்று. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953இல் சேர்ந்த விளக்கப்படி, மின்சாரமோ மூலப்பொருளோ குறைந்தும், சரக்குத் தேங்கியும், எந்திரம் பழுதுற்றும் முதலாளி வேலை தர இயலாத நிலையே லே ஆஃப். தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் நீடிக்கும். 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டு உழைத்தவர்க்கு அடிப்படை ஊதியத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு. நாள்தோறும் ஒருமுறையேனும் குறித்த நேரத்தில் அவர் ஆலைக்கு வரவேண்டும். (சிறு பட்டறைகளுக்கு இவ்வுரிமை எட்டவில்லை; அது வேறு வருத்தம்.) 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இவற்றை அவ்வாறே ஏற்றது.

2012இல், மின்வெட்டு மிகுந்திருந்த காலத்தில், பாடியில் நம் அண்டைவீட்டாரான லேத் தொழிலாளி ஆலைவாயிலில் ஆங்கில அறிவிப்பைக் கண்டார். வேலை போயிற்றென்றே கருதிக் குடும்பத்தோடு செய்யாற்றுக்குப் பேருந்தேறிவிட்டார். உடனுழைத்தோர் அன்றாடம் சென்று கையொப்பமிட்டுப் பாதி ஊதியம் பெற்றனர். அவருக்கோ பன்னிரண்டு நாளுக்கும் ஒரு காசில்லை.

'லாக் அவுட்'டுக்குக் கதவடைப்பு என்று எவருக்கும் விளங்கும் தமிழ் வழங்குகிறது. இதற்கும் ஒன்று வேண்டாவா? 'வேலை தரவியலா நாள்' என்கிறோம் நாம். ஆவடியிலிருந்தும் கொரட்டூரிலிருந்தும் வரும் மாணவர்கள் ஆலைக்குச் செல்லும் தந்தையரிடம் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். அவர்கள் வாயில் நிற்கும் சொல்லையே அடுத்த மலரில் அச்சிடுவோம்.