பத்மினிக்கு வந்த கால்புண்

நான் வாங்கின முதல் பழைய கார் 1985 மாடல் பிரீமியர் பத்மினி. வெளியே பளபளன்னு இருந்துச்சு.

தாமிரபரணி கடல்ல கலக்குற புன்னைக்காயல்ல உப்புக்காத்து ஓயாது. தகட்டுல படியுற உப்பு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். துரு வேகமா ஏறும்.

டிங்கர் அண்ணாச்சி துணி சுத்தின காந்தத்தைக் கதவுக்குக் கீழே வச்சார். ஒட்டல. அங்கே தகடே இல்ல, பட்டிதான்! டிரைவர் சீட்டுக்கு முன்னாடி மேட்டைத் தூக்கினா ரோடு தெரியுது.

"பட்டி வச்சு பெயின்ட் அடிச்சிரலாமா அண்ணாச்சி?"

"நீங்க புண்ணுக்கு மேல பவுடர் பூசி அனுப்புவீங்களா டாக்டர் சார்?"

வாயடைச்சுப் போனேன்.

சர்க்கரை நோயாளியோட அழுகின கால்புண்ணை, நல்ல சதை வர்ற வரைக்கும் வெட்டி எடுப்போம். அவரும் நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டினார். புதுத்தகடு, வெல்டிங், பிரைமர், கடைசியாத்தான் பெயின்ட். கதவுக்கு அடியில தண்ணி வடியுற ஓட்டைகள் மண்ணு அடைச்சுக் கிடந்துச்சு; அதையும் குத்திவிட்டார்.

பழைய கார் பார்க்கப் போறீங்களா? காந்தம் எடுத்துட்டுப் போங்க. சர்க்கரை இருக்கா? இன்னைக்கு ராத்திரி ரெண்டு உள்ளங்காலையும் பாருங்க.

ரெண்டுமே வலிக்காமத்தான் அழுகும்.