பாகா நதிக்கரையில் ஒரு காலைப்பொழுது

தில்லியிலும் பஞ்சாபிலும் வாழும் நம்மவருக்கு இமயமலை எட்டாத தூரத்தில் இல்லை. மணாலி வரை செல்வோர் பலர். அதற்கப்பால் லாஹூல் பள்ளத்தாக்கைக் கண்டோர் சிலரே. முன்னாளில் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோஹ்தங் கணவாயைக் கடந்தே அங்குச் செல்லவேண்டும். பனிக்காலத்தில் அது அடைபட்டால் நோயாளிகளும் ஹெலிகாப்டரை எதிர்நோக்கியிருப்பர். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் திறக்கப்பெற்ற, 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை அக்குறையைப் பெரிதும் நீக்கியிருக்கிறது.

சுரங்கத்தைக் கடந்ததும் காட்சி மாறுகிறது. பசுமை குறைந்து மொட்டை மலைகள் எழுகின்றன. சந்திரா நதியின் ஓரமாகச் சென்றால், தண்டி என்னும் ஊரில் அது பாகா நதியுடன் கூடுவதைக் காணலாம். பாகாவின் கரையோடு மேலேறினால் மாவட்டத் தலைநகராகிய கேலாங்; அதற்கும் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் ஜிஸ்பா.

நவம்பர்த் தொடக்கத்தில் நானும் அலுவலக நண்பர் இருவரும் ஜிஸ்பாவில் ஓரிரவு தங்கினோம். திரும்புவதற்கு ஊர்ப் பெரியவர் ஒருவரின் பழைய டீஸல் ஜீப்பை அமர்த்தியிருந்தோம். காய்ச்சலால் வாடிய குழந்தையுடன் ஒரு தாயும் அதில் ஏறினாள். குல்லு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு கேலாங் மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். வாளியிலிருந்த நீரெல்லாம் உறைந்து கிடந்த அக்காலையில் ஜீப் கிளம்ப மறுத்துவிட்டது.

"இன்னும் நாலு முறை முடுக்கிப் பாருங்கள்" என்றார் நண்பர்.

"பாபுஜி, பாட்டரியின் பலம் நம் கைப்பணம் போன்றது. எதற்கென்று தெரிந்துகொண்டு செலவழிப்போம்" என்றார் பெரியவர்.

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீஸல் என்ஜினில் பொறி இல்லை. காற்றை இறுக்க அழுத்துவதால் எழும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே என்ஜின் வேகமாகச் சுழல வேண்டும், வெப்பம் வேண்டும், எண்ணெய் வந்து சேரவேண்டும். இம்மூன்றையும் பெரியவர் வரிசையாகச் சோதித்தார்.

முதலில் பாட்டரி முனைகளில் படிந்திருந்த வெண்பூப்பைச் சுரண்டி, கவ்விகளை இறுக்கினார். என்ஜின் நன்றாகவே சுழன்றது. அடுத்து ஹீட்டர் பிளக்குகளுக்கு மின்சாரம் வருவதைப் பார்த்தார். பின்னர் ஒருமுறை முடுக்கச் சொல்லிப் புகைக்குழாயைக் கவனித்தார். வெண்புகை வந்தால் எண்ணெய் சேர்ந்தும் எரியவில்லை என்று பொருள். கரும்புகை வந்தால் காற்றுப் போதவில்லை. புகையே வரவில்லை. எண்ணெய் வந்து சேரவில்லை என்பது தெளிவாயிற்று.

டீஸல் பில்டரின் அடியில் தங்கியிருந்த நீர் உறைந்து வழியை அடைத்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் சுற்றி, பனி இளகியதும் அடித்திருகைத் திறந்து நீரை வடித்தார். குழாயில் காற்றுப் புகுந்தாலும் என்ஜின் கிளம்பாது. ஆதலால் மேல்திருகைத் தளர்த்தி, குமிழி நின்று தெளிந்த எண்ணெய் வரும்வரை கைப்பம்பை அழுத்தினார். பிறகு சாவியைத் திருப்பியதும் என்ஜின் இருமிற்று, வெண்புகை கக்கிற்று, ஓடத் தொடங்கிற்று.

கடுங்குளிரில் டீஸலிலுள்ள மெழுகும் திரண்டு பில்டரை அடைப்பதுண்டு. இதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீஸல் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகமாயிற்று. சிலர் தொட்டியின் அடியில் தீ மூட்டுவர். அது உயிருக்கே உலை வைக்கும் செயல். இன்ஜெக்டரிலிருந்து பீறிடும் எண்ணெயின் எதிரே கையை நீட்டுவதும் ஆகாது. அது தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்.

பிற்பகலில் குல்லு மருத்துவமனை வாயிலில் தாயையும் சேயையும் இறக்கிவிட்டோம். காலையில் பதற்றத்தால் பாட்டரியைத் தீர்த்திருந்தால், கோளாறு நீங்கிய பின்னும் என்ஜினைச் சுழற்றச் சக்தி இருந்திராது. பழைய டீஸல் வண்டியில் குடும்பத்துடன் மலையேறும் அன்பர்கள், புறப்படுமுன் பில்டரின் நீரை வடித்துவிடுவார்களாக. வழியில் வண்டி நின்றாலோ, சாவியைத் திருப்புவதை நிறுத்திவிட்டு முதலில் புகைக்குழாயைப் பார்ப்பார்களாக.