தீபாவளிக்குள்ள போயிருமா?

அக்டோபர் 14, 2024, திங்கள்

ஆயுத பூஜைக்கு எடை மெஷினில் பூசிய சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துடைக்க நேரமில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்த சரக்கு மொத்தமும் இன்று காலையில் வந்து இறங்கிவிட்டது. யாரோ ஸ்கேனருக்கும் பக்தியோடு பொட்டு வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் குங்குமம் படிந்து, பார்கோடைப் படிக்க மாட்டேன் என்கிறது.

கூரியர் கவுண்ட்டருக்கு வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "தீபாவளிக்குள்ள போயிருமாக்கா?" பண்டிகை 31ஆம் தேதி. மதுரையிலிருந்து சென்னை 460 கிலோமீட்டர். இன்று கிளம்பினால் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். இருந்தாலும் கேட்கிறார்கள். நானும் "போயிரும்ணே", "போயிரும்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சொல்வது உண்மை. 25ஆம் தேதிக்குப் பிறகு இதையே சொல்லும்போதுதான் வாய் கூசும்.

அக்டோபர் 16, புதன்

வடகிழக்குப் பருவமழை நேற்றுத் தொடங்கிவிட்டதாம். சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் பள்ளிகளுக்கு லீவு. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்தியிருப்பதை டிவியில் காட்டுகிறார்கள். எங்கள் லைன் வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது? "அனுப்பாதீங்க, இங்க இறக்க இடமில்ல" என்று சென்னை ஹப்பிலிருந்து போன் வந்தது. சென்னை மூட்டைகள் இங்கேயே தேங்கி, ஃபேன் உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது. ஃபேனை அணைத்துவிட்டோம். புழுக்கம் தாங்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

முறுக்குச் சண்டை ஆரம்பமாகிவிட்டது. இது ஒவ்வொரு வருஷமும் உண்டு.

ஓர் அம்மா பெங்களூரில் இருக்கும் மகனுக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தார். நொறுங்கக் கூடாதென்று டிவி வந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒன்றில் வைத்து, சுற்றிலும் பழைய தினத்தந்தியைத் திணித்திருந்தார். எடை நாலு கிலோ. நான் டேப்பை எடுத்து அளந்தேன். நீளம் 50, அகலம் 40, உயரம் 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 60,000. அதை 5000 ஆல் வகுத்தால் 12. பன்னிரண்டு கிலோவுக்குப் பில் போட வேண்டும்.

"நாலு கிலோ முறுக்குக்குப் பன்னெண்டு கிலோ காசா? காத்துக்குமா காசு வாங்குறீங்க?" என்றார்.

ஆமாம், காற்றுக்கும்தான் வாங்குகிறோம். வண்டி எடையில் நிறைவதற்கு முன்னால் இடத்தில் நிறைந்துவிடுகிறது. இரும்பு போல்ட்டு மூட்டை மூலையில் அடங்கிக் கிடக்கும். முறுக்குப் பெட்டி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தன் தலையில் எதையும் வைக்க விடாது. இதை அந்த அம்மாவுக்கு விளக்குவதற்குள் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. கடைசியில் அவரே பெட்டியைப் பிரித்து, முறுக்கை இரண்டு எவர்சில்வர் தூக்குகளில் அடைத்து, சின்னப் பெட்டிக்கு மாற்றினார். மிஞ்சிய அதிரசம் எங்களுக்கு. பாகு பதம் தப்பாமல் வந்திருந்தது.

அக்டோபர் 21, திங்கள்

சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கவுண்ட்டரை மூடாமலேயே பின்பக்கம் பிரிக்கும் வேலை தொடங்கிவிடும். பின்கோடின் முதல் மூன்று எண்தான் எங்களுக்கு ஊர். 600 சென்னை, 641 கோவையும் திருப்பூரும், 624 திண்டுக்கல், 623 ராமநாதபுரம் பக்கம். 1972ஆம் வருஷம் தபால் துறை தனக்கென்று கொண்டுவந்த ஏற்பாட்டில்தான் இன்றைக்குத் தனியார் கூரியர்காரர்கள் எல்லாரும் குடியிருக்கிறோம். அது மட்டும் இல்லையென்றால் "அண்ணா நகர்" என்று மொட்டையாக எழுதி வரும் கவரை மதுரை அண்ணா நகருக்கு அனுப்புவதா, சென்னைக்கு அனுப்புவதா என்று சீட்டுக் குலுக்கித்தான் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஜாதி இரண்டே இரண்டு: எக்ஸ்பிரஸ், ஆர்டினரி. கூடுதல் காசு கட்டிய செல்போன் கவர் முதலில் போகும். கட்டாத பட்டுப் பாவாடை காத்திருக்கும். லோடு ஏற்றுகிறவர்களில் மூத்தவர் இதற்குக் கட்டுப்பட மாட்டார். அவரை எல்லாரும் பெரியவர் என்றே கூப்பிடுகிறோம். பில்லை அவர் பார்ப்பதே இல்லை. பெட்டியைத் தூக்கி லேசாகச் சாய்ப்பார். "துணி." அடுத்தது. "பலகாரம், நெய்யி." அடுத்தது. "செருப்பு." அநேகமாகத் தப்புவதில்லை. துணி என்று தெரிந்த பெட்டிகளை ஒதுக்கிவைத்து, வண்டியில் கடைசியாக ஏற்றுவார். கடைசியில் ஏறுவதுதான் போய்ச் சேருகிற இடத்தில் முதலில் இறங்கும்.

எதற்கு இந்த வேலை என்று ஒரு தடவை கேட்டேன். "செல்லு உறை ஒண்ணாந்தேதி வந்தாலும் செல்லு உறைதான். தீபாவளித் துணி அப்படியாம்மா?" என்றார். சரிதான். விடியக்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, ஓரத்தில் மஞ்சள் தடவி உடுத்துகிற அந்த நேரத்தில் துணி வீட்டில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு வந்தால் அது இன்னொரு சட்டை, அவ்வளவுதான். அதுவும் தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் வர முடியாமல் போய், பெற்றவர்கள் வேட்டி சேலையைப் பெட்டி கட்டி அனுப்பியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மேனேஜர் சாருக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்கிறார்.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. பெரியவரின் கை பெட்டிகளைப் படிக்கும். மெல்லிய கவரைப் படிக்காது. அதற்குக் கனமும் இல்லை, வாசமும் இல்லை. கோர்ட்டு வக்காலத்து, இறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் என்று என்னவெல்லாமோ அதற்குள் இருக்கும். ஆட்டினாலும் சத்தம் வராது. பண்டிகை மாதத்தில் இவை மூட்டையின் அடியில் சருகாகப் போய்ப் படுத்துக்கொள்கின்றன. பண்டிகை முகம் உள்ள பார்சலுக்குத்தான் எங்களிடம் இரக்கம். சொன்னால் பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 23, புதன்

பட்டாசு பிடிபட்டது. சிவகாசி 70 கிலோமீட்டர்தான். இந்த மாதம் முழுக்க அங்கே போய் வந்தவர்கள் பாதிப் பேர் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கிஃப்ட் பாக்ஸின் மேல் சேலைக்கடைப் பையைச் சுற்றி, "சாமி படம்" என்றார் அவர். சாமி படத்துக்கு இந்த மருந்து வாசனை எங்கிருந்து வரும்? திருப்பிக் கொடுத்தேன். "லாரியில போகுதே, ஆன்லைன்ல விக்கிறாய்ங்களே" என்று சண்டைக்கு வந்தார். 2018இல் இதே அக்டோபர் 23ஆம் தேதி ஆன்லைன் பட்டாசு விற்பனைக்குத் தடை போட்டது உச்ச நீதிமன்றம். அதைச் சொன்னேன். ரயிலில் கொண்டுபோனால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று ஸ்டேஷனில் நோட்டீஸ் ஒட்டியிருப்பதையும் சொன்னேன். அவர் சட்டம் கேட்க வந்தவர் இல்லை. அடுத்த தெருவில் இன்னொரு கூரியரைத் தேடிப் போயிருப்பார்.

அக்டோபர் 25, வெள்ளி

மதியத்துக்குமேல் கொட்டித் தீர்த்துவிட்டது. இப்படி ஒரு மழையை நான் மதுரையில் பார்த்ததில்லை. பந்தல்குடி கால்வாய் நிரம்பி, செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர். நரிமேடு, ஆலங்குளம் பக்கமும் அதே கதைதான். டெலிவரிக்குப் போன தம்பிகள் பாதி வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒருவன் மழைக்கோட்டைக் கழற்றிப் பார்சலுக்குப் போட்டுவிட்டு, தான் தொப்பலாக நனைந்து வந்தான். பார்சல் கணக்குக்குத்தான் அவனுக்குச் சம்பளம். திரும்பி வந்ததற்குக் காசில்லை.

குட்டியானை வண்டி ஒன்று பாலத்தடியில் மாட்டிக்கொண்டது. இழுத்து வருவதற்குள் ராத்திரி ஒன்பது. நனைந்த பெட்டிகளைப் பெஞ்சின் மேல் பரப்பினோம். பேனாவில் எழுதிய முகவரிகள் ஊதா மேகமாகிவிட்டன. பில் நம்பரை வைத்து ஒவ்வொன்றாகத் தேடி எழுதினேன்.

அக்டோபர் 26, சனி

போனஸ் வந்தது. சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், நிர்வாகத்துக்கு அந்தத் தசமப் புள்ளி வரை ஞாபகம் இருக்கிறது. காண்ட்ராக்டில் உள்ளவர்களுக்கு ஒரு கிலோ மிக்சரும் ஒரு பேன்ட் துணியும். பெரியவர் காண்ட்ராக்ட். பெட்டியை வாங்கியதும் வழக்கம்போலச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

623க்கு எங்கள் தீபாவளி இன்றோடு முடிந்தது. இந்த வருஷம் பசும்பொன் குருபூஜையின் நிறைவு நாளான 30ஆம் தேதிக்கு மறுநாளே பண்டிகை. கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி பக்கம் போக்குவரத்தை எங்கே திருப்புவார்கள், எந்த ரோட்டில் எத்தனை மணி வரை விடுவார்கள் என்று தெரியாமல் வண்டியை அனுப்ப முடியாது. கோரிப்பாளையத்தில் தேவர் சிலைக்கு மாலை போடக் கூட்டம் வந்துவிட்டால் எங்கள் தெருவிலிருந்து வெளியே போவதே பாடு. அதனால் அந்தப் பக்கத்துச் சரக்கு எல்லாவற்றையும் இன்று மாலைக்குள் தள்ளிவிட்டோம். வெள்ளிக்கிழமை மழை தின்றுவிட்ட ஒரு நாளை மீட்கப் பெரியவர் இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை. வண்டிக் கதவை மூட நாலு பேர் முதுகைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

காலியான சாக்குகளை உதறியபோது ஒன்றிலிருந்து சோப்பு டப்பா அளவு பெட்டி ஒன்று விழுந்தது. மதுரையில் உள்ள பல் லேப் அனுப்பியது. பரமக்குடியில் ஒரு பல் டாக்டருக்கு. உள்ளே பல்செட்.

இதுபோன்ற பெட்டிகள் தினமும் வரும். வாயில் அச்செடுத்து இங்கே அனுப்பினால், லேபில் செய்து திருப்பி அனுப்புவார்கள். யாரோ ஒருவர் பழைய பற்களையும் இழந்து, புதியது எப்போது வரும் என்று கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். எண்ணிப் பார்த்தால் எந்தச் சட்டைக்கும் குறைந்த அவசரம் இல்லை. முறுக்கு, சீடை, தட்டை எல்லாம் சுட்டு வைத்திருக்கும் வீட்டில் அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரியவரிடம் நீட்டினேன். வாங்கி, சாய்த்து, குலுக்கினார். "என்னம்மா இது?" என்றார். சொன்னதும் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

623 வண்டி இனி நவம்பர் 4ஆம் தேதிதான். டெலிவரித் தம்பிகளில் ஒருவனுக்குப் பரமக்குடி. ராத்திரி பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "குடுங்கக்கா, அந்த டாக்டரு எங்க தெருவுக்கு அடுத்த தெருதான்" என்றான். வண்டி நம்பர் இல்லாமல், ட்ரிப் ஷீட் இல்லாமல் பார்சலை வெளியே கொடுக்க விதியில்லை. மேனேஜர் சாரைப் பார்த்தேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அதுதான் அவருடைய அனுமதி.

அக்டோபர் 31, வியாழன்

லீவு. மத்தியானம் வரை தூங்கினேன்.

நவம்பர் 4, திங்கள்

வெள்ளிக்கிழமையும் அரசு விடுமுறை விட்டதால் நாலு நாள் ஊரே பூட்டிக் கிடந்திருக்கிறது. முட்டி மோதி 30ஆம் தேதி கொண்டுபோன பார்சல்களில் ஒரு குவியல் "வீடு பூட்டியிருக்கிறது" என்ற குறிப்போடு இங்கேயே உட்கார்ந்திருக்கிறது. முகவரியில் இருந்தவர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். பலகாரப் பெட்டிகளில் எறும்பு. அடுத்த அலையும் வந்துவிட்டது: அளவு சேராத சட்டைகள், நிறம் பிடிக்காத சுடிதார்கள், எல்லாம் திரும்பிப் போகின்றன.

பரமக்குடிப் பெட்டி கம்ப்யூட்டரில் இன்னும் மதுரையில்தான் இருக்கிறது. 30ஆம் தேதி காலையிலேயே கொடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னான். கையெழுத்து வாங்கிய துண்டுச் சீட்டையும் கொண்டுவந்திருந்தான். அதை வைத்து டெலிவரி என்று பதிவு செய்யப் பார்த்தேன். வண்டி நம்பர் கேட்கிறது. பஸ்ஸின் நம்பர் அவனுக்கு ஞாபகமில்லை.

மெல்லிய கவருக்கும் சின்னப் பெட்டிக்கும் தனிச் சாக்கு வேண்டும் என்று மேனேஜர் சாரிடம் கேட்டேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பதில் வரும்போது வரட்டும் என்று, ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றை ஆணியில் மாட்டி, "இதில் போடவும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலு கவர், ஒரு பல் லேப் பெட்டி, யாருடையதோ ஒரு டிபன் பாக்ஸ்.