அறுபத்தொன்றாவது பிள்ளை

மே மாதம் வந்துவிட்டால், ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் மதுராந்தகத்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: எந்தப் பள்ளியில் சேர்ப்பது? தனியார் பள்ளிக் கட்டணம் கட்டி மாளாது என்று தெரிந்தபின், அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குள்ளேயே ஒப்பீடு தொடங்குகிறது. பக்கத்துத் தெருச் சின்னப் பள்ளியா, ஆட்டோ வைத்து அனுப்பவேண்டிய பெரிய பள்ளியா? அங்கே ஸ்மார்ட் போர்டு இருக்கிறதாம், இங்கே ஆங்கில வழி இல்லையாம்.

இப்படி எடைபோடும் பலவற்றில் உண்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. பெயர்ப் பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்றிருந்தாலும் நகராட்சி என்றிருந்தாலும் பாடநூல் ஒன்றுதான். சீருடை, புத்தகப்பை, காலணி, சத்துணவு எல்லாம் இரண்டிலும் உண்டு.

சில வித்தியாசங்களை அரசாணைகளே உண்டாக்கின. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் கிராமப்புறத்துக்கு 2024 ஜூலையிலும் நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்ட்டிலும்தான் கிடைத்தது. அதுவரை, ஒரே தெருவிலிருந்து கிளம்பும் இரண்டு பிள்ளைகளில் ஒன்று பள்ளியில் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுவிட்டு வகுப்பில் உட்காரும். மற்றதற்கு வீட்டில் என்ன கிடைத்ததோ அதுதான்.

ஆனால் பள்ளிக்குப் பள்ளி மெய்யாகவே மாறுவது ஆசிரியர் எண்ணிக்கை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 120 வரை நால்வர். அதற்கு மேல் குறைந்தது ஐவர். வகுப்புகளோ எங்கும் ஐந்து. ஆகவே பெரிய பள்ளியில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைக்கிறார். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சுமக்கிறார்.

அப்படியொரு பள்ளியில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் இருக்கும். 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர் அரும்புக் குழுவுக்கு எழுத்து காட்டும்போது மலர்க் குழு தானாகக் கணக்குப் போடும். இது நன்றாகவே நடக்கக்கூடிய முறை. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில்தான் சிக்கல்: அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் கையில்.

இங்கேதான் ஒப்பீடு திரும்பி வந்து கடிக்கிறது. ஆசிரியர் பணியிடங்கள் ஆகஸ்ட் 1ஆம் தேதிச் சேர்க்கையைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகின்றன. 61 பேர் இருந்த பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனாலே மூன்றாவது ஆசிரியர் உபரிப் பட்டியலுக்கு வந்துவிடுவார். பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகவேண்டியிருக்கும். ஆசிரியர் குறைந்ததும் அடுத்த ஆண்டு இன்னும் சில பெற்றோர் வெளியேறுவார்கள். கடைசியில் தங்குவது ஆட்டோவுக்குக் கொடுக்க முடியாத குடும்பங்களின் பிள்ளைகள். நல்ல பள்ளியைத் தேடிய எவர் மீதும் குற்றமில்லை, ஆனாலும் விலை கொடுப்பது அந்தப் பிள்ளைகள்தான்.

அதனால் பள்ளி பார்க்கப் போகும் பெற்றோர் சுவர் வண்ணத்தைவிட முதலில் கேட்கவேண்டியவை இரண்டு: மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்? ஒரு பள்ளி 57இல் நிற்கிறது என்று தெரிந்தால், தெருவிலுள்ள நான்கு வீட்டார் பேசிவைத்து ஜூலைக்குள் அங்கேயே சேர்க்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. மூன்றாவது பணியிடத்தைக் கேட்டுத் தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்ப, அந்தக் குழுவைக் கூட்டினால் போதும்.